பத்தாங் பெர்ஜுந்தாயில் பசியாறிவிட்டுப் போங்கள்

ரவாங் பக்கமாகக் கோலசிலாங்கூருக்கு மின்மினி பார்க்கப் போகும் குடும்பங்கள் பலவும் பத்தாங் பெர்ஜுந்தாயைக் காரில் இருந்தபடியே பார்த்துவிட்டுக் கடந்துவிடுகின்றன. 2007-இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. நம் வாயில் இன்னமும் பழைய பெயர்தான்.

இது தோட்டத்து ஊர். மலேசியாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இங்குதான் இருக்கிறது. 1917-இல் அதைத் தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பால்மரம், செம்பனை, ஈயம் என்று உழைத்துக் களைத்தவர்களுக்குச் சோறு போட்டுப் பழகிய ஊர் இது.

பட்டணத்துக் கடைக்கும் இப்படிப்பட்ட ஊர்க் கடைக்கும் உள்ள வேறுபாடு வாடிக்கையாளர்தான். கோலாலம்பூரில் ஒருவர் முகம் சுளித்துப் போனால், நாளைக்கு இன்னொருவர் வருவார். இங்கே சாம்பார் ஒரு நாள் தண்ணீராக இருந்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். இன்று சாப்பிட்டவரே நாளையும் வரவேண்டும். அந்தப் பயம் இருக்கும்வரை ருசியும் நிலைத்திருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் சரி, பத்தாங் பெர்ஜுந்தாய் ஆனாலும் சரி, ஒரு கடையை எடைபோட எளிய வழிகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை நம்பாதீர்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். முதலில் ரசம் கேளுங்கள். ஆட்டிறைச்சிப் பிரட்டலில் மசாலா பல குறைகளை மறைத்துவிடும். ரசத்தில் எதையும் மறைக்க முடியாது. பாகற்காய்ப் பொரியல் மொறுமொறுப்பாக இருக்கிறதா, இரண்டாம் முறை சோறு கேட்டால் பரிமாறுபவரின் முகம் மாறுகிறதா என்றும் கவனியுங்கள். "மீன் முடிஞ்சிருச்சுங்க" என்று கடைக்காரர் சொன்னால் கோபப்படாதீர்கள். அளவாகச் சமைத்து அன்றைக்கே தீர்க்கும் கடை அது. நாலு பக்கத்துக்கு உணவுப் பட்டியல் நீளும்போதும், கிளைமேல் கிளை திறக்கும்போதும், கைப்பக்குவம் தெரிந்த சமையல்காரர் விலகும்போதும்தான் பெரும்பாலும் ருசி சரிகிறது.

தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் போய்விட்டார்கள். யுனிசெல் மாணவர்கள் வந்தாலும், விடுமுறை விட்டால் ஊர் அடங்கிவிடும். தினமும் வந்து குறை சொல்ல ஆளில்லாமல் போனால், எந்த அடுப்பும் பழைய பக்குவத்தில் நெடுநாள் எரியாது. தீபாவளிக்கு மட்டும் ஊர் திரும்புகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஒரு மணிக்கு முன்பே வந்துவிடுங்கள். இலை போட்டுச் சாப்பிடுங்கள். கம்போங் குவாந்தான் படகுக்கு இருட்டும்வரை நேரம் இருக்கிறது. நிலவில்லாத இரவாக இருந்தால் மின்மினிகள் இன்னும் நன்றாகத் தெரியும்.