தண்ணீரில் ஓடிய காடி

போன மாதம் அப்பாவின் பழைய புரோட்டோன் இஸ்வாராவைப் பழைய இரும்புக்குக் கொடுத்தோம். அதற்கு முன் டேஷ்போர்டைக் காலி செய்தபோது, பார்க்கிங் கூப்பன்களுக்கு அடியில் ஒரு 555 புத்தகம் கிடந்தது. மளிகைக் கடையில் கடன் எழுதி வைப்பார்களே, அந்தச் சின்னப் புத்தகம்தான். அப்பா அதில் கடன் எழுதவில்லை. எண்ணெய் அடித்த ஒவ்வொரு முறையும் தேதி, மீட்டர், லிட்டர், வெள்ளி என்று வரிசையாக எழுதியிருந்தார். முதல் பதிவு 2008 ஜூன்.

அந்த ஜூன் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 4ஆம் தேதி மாலை அறிவிப்பு வந்தது. 1 வெள்ளி 92 காசுக்கு விற்ற பெட்ரோல் நள்ளிரவு முதல் 2 வெள்ளி 70 காசு. எனக்கு அப்போது 12 வயது. எண்ணெய் நிலைய வரிசையில், காடிக்குள் உட்கார்ந்தபடியே அன்றைய இரவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

சில வாரங்களில் பக்கத்து வீட்டு அங்கிள் ஒரு ஜாம் போத்தலோடு வந்தார். உள்ளே எவர்சில்வர் தகடுகள், தண்ணீர், கொஞ்சம் சோடா உப்பு. பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் உள்ளே போனது. மூடியிலிருந்து ஒரு டியூப் வெளியே வந்து, கார்புரேட்டருக்குக் காற்று போகும் வழியில் சேர்ந்தது. மின்சாரம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும், அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்தால் எண்ணெயும் மிச்சம், புகையும் குறையும் என்றார் அங்கிள். நான்தான் டார்ச்லைட் பிடித்தேன். தகடுகளிலிருந்து குமிழி குமிழியாக எழும்பியதைப் பார்த்துத்தான் இன்ஜினியராக ஆசைப்பட்டேன் என்று பின்னாளில் நேர்முகத் தேர்வுகளில் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை.

2016 தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. தெர்மோடைனமிக்ஸ் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் யாரோ எண்ணெய் விலையைப் பேச, நான் போத்தல் கதையை எடுத்தேன். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பெட்ரோலில் இருக்கும் சக்தி 100 என்றால் இன்ஜின் அதில் ஏறக்குறைய 25ஐத்தான் வேலையாக மாற்றும். அந்த 25 முழுவதையும் ஆல்டர்னேட்டருக்குக் கொடுத்தாலும் மின்சாரமாக வருவது 14. தண்ணீரைப் பிரிப்பதில் இன்னும் போய் 9 மிஞ்சும். அதை அதே இன்ஜினில் எரித்தால் கிடைப்பது 2. "25 குடுத்துட்டு 2 வாங்குற வியாபாரம். படிக்காதவங்கள ஏமாத்துற வேல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அங்கிளும் அந்த மேசையில்தான் இருந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். மறுநாள் இஸ்வாராவில் போத்தல் இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதை என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்களை எக்செலில் ஏற்றினேன். முதல் மாதம் லிட்டருக்கு 10.9 கிலோமீட்டர். அந்த ஆண்டு கடைசியில் 12.4. இடையில் ஓரத்தில் குறிப்புகள்: 'பிளக் புதுசு', 'ஏர் பில்டர் மாத்தியது', 'கார்பு கழுவியது', 'டயர் காத்து 30', 'ஹைவே 90க்கு மேல வேண்டாம்'. சில வரிகளின் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன வட்டம். அது என்னவென்று புரியக் கொஞ்ச நேரமானது. டியூபைக் கழற்றிவிட்டு ஓட்டிய வாரங்கள் அவை. வட்டம் உள்ள வாரங்களின் சராசரி 12.3, இல்லாத வாரங்களுக்கு 12.4. அதாவது ஒரு வித்தியாசமும் இல்லை.

ஆறாம் வகுப்பு வரை படித்த மனிதர். போட்டும் கழற்றியும் மாறி மாறி அளந்து பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் அன்று தாளில் எழுதிய கணக்கு சரிதான். ஆனால் நான் எதையும் அளக்கவில்லை.

உண்மையில் காப்பாற்றியது அந்த ஓரக் குறிப்புகள்தான். கார்புரேட்டர் காடியில் ஏர் பில்டர் அடைத்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகும், கரும்புகையும் வரும். என் மைவியில் அப்படியில்லை. காற்று குறைந்தால் கம்ப்யூட்டரே பெட்ரோலையும் குறைத்துவிடும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கை அது கட்டிக் காக்கிறது. அந்த அளவில்தான் எக்ஸாஸ்டில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மூன்று வகை நச்சு வாயுக்களையும் சேர்த்துக் குறைக்க முடியும். வெளியிலிருந்து வாயுவை விட்டால் ஆக்சிஜன் சென்சார்தான் குழம்பும். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடும்படியாக எண்ணெயை மிச்சப்படுத்திய கருவி ஒன்றுகூட இல்லை. டயர் காத்தும் வலது காலும் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

அன்று இரவு புத்தகத்தை அப்பாவிடம் காட்டினேன்.

"உங்களுக்கு அப்பவே தெரியுமாப்பா?"

"ரெண்டு மாசத்துலேயே தெரியும்."

"அப்புறம் ஏன் எட்டு வருசம் மாட்டி வச்சிருந்தீங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவனுக்கு பேக்டரியில வேல போயிருந்துச்சு. போத்தல செஞ்சு ஆளுங்களுக்கு வித்துக்கிட்டு இருந்தான். ஒண்ணு 150 வெள்ளி. நான் கழட்டுனா மத்தவங்களும் கழட்டிருவாங்க. அவனும் உண்மையினு நம்பித்தான்டா செஞ்சான்."

எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்டேன். ஆறு பேர் என்றார். எல்லோரும் எங்கள் தாமான்காரர்கள். இருவர் லோரி ஓட்டுநர்கள். அவர்களுக்கும் 150 வெள்ளி பெரிய காசுதான்.

அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. உண்மை தெரிந்த அப்பா ஒருவருக்காகச் சும்மா இருந்தார். நான் உண்மையைச் சொன்னது அந்த ஆறு பேருக்காக இல்லை, கைத்தட்டலுக்காக. அதுவும் எட்டு வருடம் கழித்து. இரண்டிலும் அந்த ஆறு பேரின் காசு திரும்பி வரவில்லை.

அங்கிள் இப்போது மகளோடு ஜொகூரில் இருக்கிறார். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது பார்க்க வேண்டும். கணக்கைப் பற்றிப் பேசப் போவதில்லை. அன்றைக்குப் பாதிச் சாப்பாட்டில் எழ வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.