பட்டாணியும் கனகாம்பரமும்

கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது. ஆனாலும் மல்லிகையோடு நாலு கனகாம்பரத்தையும் சேர்த்துக் கட்டினால்தான் சரத்துக்கே ஒரு களை வரும். அந்தப் பூவை வைத்து ஒரு விவசாயி பத்மஸ்ரீ வாங்கினார் என்றால் நம்புவீர்களா?

வாங்கினார். வருடம் 2012. புதுச்சேரி வில்லியனூர் கொம்யூனில் உள்ள கூடப்பாக்கம் கிராமத்துக்காரர், வெங்கடபதி ரெட்டியார்.

அவரிடம் போகும் முன் பட்டாணியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். புது ரகம் உருவாக்கும் கதையெல்லாம் அங்கிருந்துதானே தொடங்குகிறது! இன்றைய செக் நாட்டின் புருனோ நகரில் ஒரு மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணி வளர்த்தவர் மெண்டல் (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்). 1850இல் ஆசிரியர் தேர்வில் தோற்றவர் அவர். பட்டாணிப் பூ மூடிய இதழுக்குள்ளேயே தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். அதனால் மொட்டிலேயே மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவ வேண்டும். தேவை ஒரு சின்ன இடுக்கி, ஒரு தூரிகை, நிறையப் பொறுமை. அவ்வளவுதான். இரண்டாம் தலைமுறையில் அவர் எண்ணிய விதைகளில் உருண்டை 5474, சுருக்கம் விழுந்தவை 1850. கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. 1866இல் அச்சான அந்தக் கணக்கை உலகம் புரிந்துகொள்ள 1900 ஆனது. பாவம், மெண்டல் 1884லேயே இறந்துவிட்டார்.

வில்லியனூர் வெயிலில் பட்டாணி சரியாக வராது. அதற்கு ஊட்டிக் குளிர் வேண்டும். கனகாம்பரமோ இந்த மண்ணின் பிள்ளை. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். சந்தையில் பெயர் வாங்கிய 'டெல்லி கனகாம்பரம்' மும்மடி ரகம். அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று. அதனால் விதை பிடிக்காது. தண்டை வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். விதையே இல்லாத செடியில் மெண்டல் வழி எப்படிச் செல்லும்?

ரெட்டியார் வேறு வழி பிடித்தார். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு செடிகளைக் காமா கதிருக்கு உட்படுத்தினார். கதிர் மரபணுவைக் கண்ட இடத்தில் மாற்றும். அது நல்ல மாற்றமா கெட்டதா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெரும்பாலானவை உதவாது, பல செத்தே போகும். எங்கோ ஒரு கிளையில் புது நிறமோ பெரிய பூவோ வந்தால் அதை மட்டும் வெட்டி நட்டு, மறுபடி வெட்டி நட்டு, குணம் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்படித்தான் பல புதிய கனகாம்பர ரகங்கள் கிடைத்தன. பிறகு கொய்யா, சவுக்கு என்று போனார். வேளாண் பட்டம் இல்லாத ஒருவர், சொந்த நிலத்தில்!

சரி, இப்போது ஒரு காமர்ஸ் கேள்வி. 'கண்ணுக்குத் தெரியாத சொத்து' என்று பாடத்தில் வருமே, புது ரகமும் அதுதான். ஆனால் வேலி ஓரமாக வந்த யாராவது ஒரு தண்டை ஒடித்துக்கொண்டு போனால் அந்தச் சொத்து முழுசாக அவர் வீட்டுக்கும் போய்விடும். ஒடித்த செடியிலும் ஒன்றும் குறையாது. பல வருட உழைப்புக்கு என்ன விலை?

பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001 இதற்குப் பாதி பதில் சொல்கிறது. விவசாயியும் தன் ரகத்தைப் பதிவு செய்யலாம். அதே சட்டம், விதையைச் சேமிக்கவும் அக்கம்பக்கத்தாரோடு மாற்றிக்கொள்ளவும் எல்லா விவசாயிகளுக்கும் உரிமை தருகிறது. பிராண்ட் போட்டு விற்கத்தான் கூடாது. கண்டுபிடித்தவருக்கும் நியாயம், பக்கத்து வயல்காரருக்கும் நியாயம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது கஷ்டம்தான். ஆனால் தண்டு கை மாறாமல் இருந்திருந்தால் டெல்லி கனகாம்பரமும் இத்தனை ஊருக்குப் பரவியிருக்காது, இல்லையா?

அடுத்த முறை முழம் போட்டுப் பூ வாங்கும்போது பேரம் பேசுங்கள், தப்பில்லை. அந்த நிறத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் செத்துப்போன நூறு செடிகளை எண்ணியிருக்கிறார் என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.