இடிஞ்ச வீடு

முதல் வீட்டின் கூரை பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. மெதுவாக வழுக்கி, ஒரு பக்கச் சுவரையும் கூட்டிக்கொண்டு தட்டில் விழுந்தது. என் எட்டு வயது மகள் உடைந்த துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தாள். "டேஸ்ட் நல்லாருக்குப்பா" என்றாள், ஆறுதலாக.

சியாட்டிலில் அக்டோபர் என்றால் மழையும் ஹாலோவீனும்தான். தெருவில் வாசலுக்கு வாசல் எலும்புக்கூடு உட்கார்ந்திருக்கும். இந்த வருஷம் இவளுக்கு ஜிஞ்சர்பிரெட்டில் பேய் வீடு வேண்டும். அதெல்லாம் கிறிஸ்துமஸுக்குத்தானே செய்வார்கள் என்றேன். "கதையில அது விட்ச்சோட வீடுப்பா" என்றாள். அவள் சொன்னது சரி. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட ஹான்சல், கிரெட்டல் கதையில் ரொட்டிச் சுவரும் கேக் கூரையும் சர்க்கரை ஜன்னலுமாக நிற்பது, பிள்ளைகளைப் பிடிக்கச் சூனியக்காரி வைத்த பொறி.

நான் இன்ஜினியர் இல்லையா, முறையாகத்தான் ஆரம்பித்தேன். சுவர்களைக் கணினியில் வரைந்து அச்செடுத்தேன். வீடு கட்டும் மாவில் சோடா உப்பு சேர்க்கக்கூடாது, உப்பிப்போனால் அளவு மாறிவிடும். கால் அங்குலக் கனம். அவனிலிருந்து எடுத்த சூட்டோடு ஓரங்களை நேராக வெட்ட வேண்டும். ஒட்டுவதற்கு ராயல் ஐசிங்: மூன்று முட்டை வெள்ளைக்கருவுக்கு 450 கிராம் பொடித்த சர்க்கரை. சுவர்களை நிறுத்தி ஒரு ராத்திரி காயவிட்டு, பிறகுதான் கூரை. எல்லாம் படித்திருந்தேன். காயவிடுவதை மட்டும் விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் பண்ணுகிறவனின் புத்தி.

அப்போதுதான் அப்பாவிடமிருந்து வாட்ஸப் அழைப்பு. எங்களுக்கு இரவு எட்டு, தேவகோட்டைப் பக்கம் காலை எட்டரை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த பிறகு நாலு வருஷமாக அப்பா வேலைக்குப் போவதில்லை. வாரம் ஒருமுறை பேசுவோம். சாப்டியா, மழையா, பாப்பா எங்க. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

மகள் போனைப் பிடுங்கி இடிபாட்டைக் காட்டினாள். "ஐயா, வீடு விழுந்துருச்சு." எங்கள் பக்கம் தாத்தாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "தூக்கு பாத்தியாடா?"

"பிஸ்கட்டுப்பா அது."

"என்னவா இருந்தா என்ன? சுவரு உள்வாங்கி நிக்கிது. சாந்து தண்ணியா இருக்கு. காயாம மேல பாரம் ஏத்துனா நிக்குமா? எதுல குழைச்ச?"

முட்டை வெள்ளைக்கரு என்றேன். அப்பாவின் முகம் மாறியது.

"அடேய், அது செட்டியார் வீட்டுப் பூச்சுடா!"

செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும். சுற்றுலாக் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். அப்பா அதைக் கையால் செய்தவர் என்பது தெரியாது. பன்னிரண்டு வயதில் பழைய வீடுகளைப் பழுது பார்க்கப் போன கொத்தனாருக்குக் கையாளாகப் போயிருக்கிறார். கடுக்காய் ஊறவைத்தது, சுண்ணாம்பை அரைத்தது, வழவழப்பான கல்லால் சுவரைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி ஆக்கியது எல்லாம் சொன்னார். "கருப்பட்டியும் போடுவோம்" என்றார். என் மாவில் மொலாசஸ் இருந்தது.

ஏன் இதையெல்லாம் சொன்னதே இல்லை என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். இன்ஜினியரிங் காலேஜ் விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் நான் 'பில்டிங் கான்ட்ராக்டர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். "என்ன எழுதியிருக்க?" என்று கேட்டார் அப்பா. சொன்னேன். "ம்" என்றார். சிமென்ட் தின்ற விரலால் பேனாவைப் பிடித்து, கீழே கையெழுத்துப் போட்டார். பதினேழு வருஷமாகிறது. அதைப்பற்றி இருவரும் பேசியதில்லை.

"ஐசிங் கிண்ணத்து மேல ஈரத்துணி போட்டு மூடு, இல்லாட்டி இறுகிரும்" என்றார். "உள்ளுக்க டப்பாவ வச்சு முட்டுக்குடு. நாளைக்குக் கூரை."

மறுநாள் அதே நேரத்துக்கு அவரே கூப்பிட்டார். கூரை நின்றது. மகள் சீவிய பாதாமை ஓடாக வரிசையாக ஒட்டினாள். மிட்டாயைப் பொடித்து ஜன்னல் ஓட்டையில் போட்டு உருக்கிய பச்சைக் கண்ணாடி மின்னியது. அப்பாவுக்குத் திருப்தி. அப்போதுதான் மகள், இனி இதை உடைந்த வீடு மாதிரி ஆக்க வேண்டும் என்றாள்.

"நல்லா நிக்கிற வீட்டை எதுக்குத்தா இடிக்கணும்?"

"பேய் வீடு ஐயா. பழசா, பயமா இருக்கணும்."

அப்பா யோசித்தார். பிறகு, கட்டியதை விட இடித்ததுதான் அதிகம் என்றார். பல வீடுகளைப் பங்காளிகள் பிரித்து விற்றபோது, தேக்குத் தூணையும் கதவையும் நிலையையும் சேதமில்லாமல் கழற்றிக் கொடுக்க இவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வீடு எப்படிச் சாகும் என்று அவருக்கு வரிசையாகத் தெரியும்.

"மொதல்ல ஓடு சரியும். அந்த ஓரமா நாலு ஓட்டை எடு. ரீப்பர் தெரியணும்." பிரெட்ஸல் குச்சிகளை ரீப்பராக வைத்தோம். "தண்ணி உள்ள இறங்குனா சுவத்துத் தலை கரையும். வெடிப்பு நடுச்சுவத்துல வராது. ஜன்னல் மூலையிலருந்து சாய்வா ஏறும்." கறுப்பு ஐசிங்கால் சாய்வாகக் கோடிழுத்தேன். "குருவி எச்சத்துல அரசங்கன்னு முளைச்சிருக்கும்." மகள் ஓடிப்போய்ப் புதினாக் கொழுந்து ஒன்றைக் கொண்டுவந்து வெடிப்பில் செருகினாள்.

"கதவு?"

"கதவு வேணாம்த்தா. நிலையைத்தான் மொதல்ல கழட்டிட்டுப் போவாங்க. நிலை போயிட்டா அது வீடில்ல." கொஞ்சம் நிறுத்தி, "பேய்க்கு எதுக்குக் கதவு?" என்று சிரித்தார்.

அன்று ஒரு மணி பத்து நிமிடம் பேசியிருக்கிறோம். போனில் பார்த்தேன்.

ஹாலோவீன் அன்று வீட்டை முன்ஜன்னலில் வைத்து உள்ளே சின்ன விளக்கு போட்டோம். மிட்டாய் கேட்டு வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் வைக்க மகள் ஓர் அட்டை எழுதினாள். தன் பெயர், என் பெயர், ஐயா பெயர். "ஐயாவுக்குக் கீழ என்ன வேலைன்னு போடணும்?" என்று கேட்டாள்.

கொத்தனார் என்பதை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அதை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதினாள். வந்தவர்களில் இரண்டு பேர் என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். அவளே சொன்னாள்.

சர்க்கரை ஈரத்தை இழுக்கும். நவம்பர் இரண்டாம் வாரம் மழை விடவேயில்லை. ஒரு காலையில் பார்த்தால் கூரை லேசாகத் தொய்ந்து, சுவரில் நாங்கள் போடாத வெடிப்பு ஒன்று ஓடியிருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எங்கருந்து வருது?"

"ஜன்னல் மூலையிலருந்துப்பா. சாய்வா."

"ம்" என்றார்.