கரண்ட் போனா யாரு எழுப்புவா?

லைட் எரியுதா? எரியுது. அப்போ வேலை செய்யுதுன்னு அர்த்தமா? அங்கேதான் நான் ஏமாந்தேன் மக்களே!

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு சாமைக் கொல்லை. அங்கே மழையை அளக்குறது எங்க ப்ராஜெக்ட். மழைமானியோட ஒரு ராஸ்பெரி பை. உள்ளங்கை சைஸ் கம்ப்யூட்டர், உள்ளே லினக்ஸ். சிக்னல் அரைகுறைங்கிறதால கணக்கெல்லாம் மெமரி கார்டிலேயே சேரும். கொல்லைக்கார அக்கா வீட்டு ப்ளக்கில் சொருகிட்டு, கெத்தா மலை இறங்கினோம்.

பதினொரு நாள் கழிச்சுப் போனா, ரெண்டு நாள் கணக்குதான் இருக்கு! மூணாம் நாள் இடி மழையில் கரண்ட் போய் வந்திருக்கு.

''லைட் எரிஞ்சுட்டேதான் இருந்துச்சு தம்பி. சரி, அன்னிக்கு மழை எவ்வளவு?''

அக்கா கேட்டது அந்த ஒரே கேள்விதான். பதில் இல்லை.

என்ன ஆச்சு? எங்க மாடலில் பேட்டரி கடிகாரம் கிடையாது. அதனால எங்க புரோகிராம் கிளம்பினதும் நெட்டில் மணி கேட்கும். அன்னிக்கு டாங்கிள் விழிக்கறதுக்குள்ள கேட்டுட்டு, பதில் வராம செத்துப்போச்சு. கம்ப்யூட்டர் மட்டும் சமர்த்தா லைட்டை எரியவிட்டுக்கிட்டு இருந்திருக்கு.

தப்பு எங்க மேலதான். கிரான்டாபில் 'அட் ரீபூட்'னு ஒரு வரி போட்டிருந்தோம். அது அலாரம் மாதிரி... ஒரு தடவை அடிக்கும், அவ்வளவுதான். பழைய ஆர்சி லோக்கல் ஃபைலும் இதே கதை. புரோகிராமைக் கிளப்பிவிடும், அப்புறம் திரும்பிப் பார்க்காது.

சிஸ்டம்டி அப்படியில்ல. அது அம்மா! 2010-ல் வந்தது, ராஸ்பெரி பையில் 2015-லிருந்து இருக்கு. 'சர்வீஸ்' ஃபைல் ஒண்ணு எழுதி, 'ரீஸ்டார்ட்' எதிரே 'ஆல்வேஸ்'னு போட்டு, எனேபிள் பண்ணினா போதும். புரோகிராம் எத்தனை தடவை விழுந்தாலும் எழுப்பும். ஏன் விழுந்ததுன்னு ஜர்னலில் குறிச்சும் வைக்கும்.

ஆனா அம்மாவுக்கும் பொறுமைக்கு எல்லை உண்டுல்ல? 10 விநாடியில் 5 தடவை கிளப்பியும் விழுந்தா, 'எப்படியோ போ'ன்னு விட்டுடும். அதனால 'ரீஸ்டார்ட் செக்' 10-னு வெச்சோம். பத்து விநாடிக்கு ஒரு தடவை பொறுமையா எழுப்பும். அதுக்குள்ள டாங்கிளும் கண் முழிச்சுடும்.

இதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கு. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை ஒட்டிக் கடந்தப்போ, அங்கிருந்த 1 மீட்டர் டெலஸ்கோப்பிலும் நட்சத்திர ஒளி சட்டுனு மங்கினது பதிவாச்சு. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்குன்னு உலகம் கண்டுபிடிச்சது அப்போதான். அந்த நிமிஷம் கருவி தூங்கியிருந்தா? வானம் ரீ-டேக் கொடுக்காது பாஸ்! மழையும்தான்.

அதனால நீங்க எதை மாட்டினாலும், 'எப்படி ஆரம்பிக்கும்?'னு மட்டும் கேட்காதீங்க. 'நான் இல்லாதப்போ விழுந்தா யாரு எழுப்புவா?'ன்னு கேளுங்க. ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி புரோகிராமை நீங்களே கொன்னு பாருங்க. கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டும் பாருங்க. இடி சொல்லிட்டா வரும்?

அடுத்த தடவை போனப்போ அக்கா அதே கேள்வியைக் கேட்டாங்க. ''போன செவ்வாய்க்கிழமை எவ்வளவு தம்பி?''

''18 மில்லிமீட்டர்க்கா!''

ப்ராஜெக்ட் மார்க் எப்பவோ வரட்டும். எனக்கு அன்னிக்கே ரிசல்ட் வந்துடுச்சு!