கோட்டாவா மச்சி?

பட்டாபிராமில் ஏறினா சென்ட்ரல் வர்ற வரைக்கும் கானாதான். கதவோரம் நிற்கிற பசங்க தட்டுற தட்டுல கம்பார்ட்மென்ட்டே அதிரும்! நானும் பாடுவேன். ஆனா, காலேஜ் வாசல் வந்ததும் வாயை மூடிக்குவேன். காரணம், முதல் நாள் பக்கத்து பெஞ்ச் கேட்ட கேள்வி... 'கட்-ஆஃப் எவ்ளோ? ஓ... கோட்டாவா மச்சி?'

அப்புறம்தான் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' காதுக்கு வந்துச்சு. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய 19 பேர் குழு. 2018 ஜனவரி 6-ம் தேதி, கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. பறை, சட்டி பக்கத்துலயே கிடார், டிரம்ஸ்! பெயருக்கு வேர், அயோத்திதாச பண்டிதர் சொன்ன 'சாதியற்ற தமிழர்'. அதே வருஷம் வந்த முதல் ஆல்பம், 'மகிழ்ச்சி'.

இட ஒதுக்கீட்டுக்கும் ஒரு பாட்டு வெச்சிருக்காங்க. ஹெட்போன்ல கேட்டப்ப, எனக்காக 19 பேரும் பதில் சொன்ன மாதிரி இருந்துச்சு.

போன வாரம் கேன்டீன்ல மறுபடி அதே கேள்வி. 'ஆமா மச்சி, கோட்டாதான். எங்க வீட்ல காலேஜ் வாசப்படி மிதிச்ச முதல் ஆள் நான்!'னு சொல்லிட்டு, டேபிள்ல தாளம் போட்டேன். கேட்டவன் எழுந்து போயிட்டான். ஆனா, அடுத்த டேபிள்ல ரெண்டு கை சேர்ந்துச்சு!