புள்ளி போட்ட மேலாடை

பனிநாடுகளில் வாழும் லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனையின் படத்தைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதன் உரோமம்தான். காது நுனியில் கறுப்புக் குஞ்சம். கன்னத்தில் தாடிபோலத் தொங்கும் முடி. கம்பளிக் காலணி அணிந்தாற்போன்ற அகன்ற பாதங்கள். கனடா, சைபீரியா முதல் இந்தியாவின் லடாக் வரை இவ்வினப் பூனைகள் வாழ்கின்றன.

அந்த உரோமம் வெறும் அழகுக்காக அமைந்ததன்று. தோலை ஒட்டி வளரும் மென்மையான அடிமயிர் காற்றைத் தன்னுள் அடக்கி உடல் வெப்பத்தைக் காக்கிறது. அதன்மேல் நீண்டு வளரும் முரட்டு மயிர் பனியும் நீரும் உள்ளே இறங்காமல் தடுக்கிறது. பாதங்களிலுள்ள அடர்ந்த உரோமம் உடலின் எடையைப் பரப்புவதால், ஆழமான பனியிலும் கால் புதையாமல் முயலைத் துரத்த முடிகிறது. கோடை பிறந்ததும் அந்தத் தடித்த உரோமம் உதிர்ந்து, குட்டையான உரோமம் வளர்கிறது.

நம் நாட்டில் பனியும் இல்லை, லின்க்ஸும் இல்லை. ஆனால், அதன் சிறிய உறவினர் ஒருவர் நம் செம்பனைத் தோட்டங்களிலேயே நடமாடுகிறார். அதுதான் சிறுத்தைப்பூனை. மலாய்மொழியில் ‘கூச்சிங் பத்து’ என்பர். உருவத்தில் வீட்டுப்பூனை அளவே இருக்கும். மஞ்சள் கலந்த பழுப்பு உடலில் கரும்புள்ளிகள். நெற்றியிலிருந்து பிடரிவரை ஓடும் கோடுகள். காதின் பின்புறம் ஒரு வெள்ளைப் புள்ளி. இலைகளுக்கிடையே விழும் வெயிலும் நிழலும் கலந்த தரையில் இது அசையாமல் நின்றால், பக்கத்தில் போனாலும் கண்ணுக்குத் தெரியாது.

இதே சிறுத்தைப்பூனை ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலும் வாழ்கிறது. அங்கே அதன் உரோமம் நீண்டு, அடர்ந்து, சாம்பல் நிறமாக இருக்கிறது. நம் வெப்ப நாட்டிலோ குட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கிறது. வாழும் இடத்துக்கு ஏற்ற மேலாடையை இயற்கை அளந்து கொடுத்திருக்கிறது.

நான் வளர்ந்தது லகாட் வட்டாரத்து இரப்பர் தோட்டத்தில். விடியுமுன் நெற்றி விளக்குடன் மரம் சீவப் போகும் அப்பா, சில நாள்களில் இந்தப் பூனையைக் கண்டதாகச் சொல்வார். ஒருமுறை, விழுந்து கிடந்த மரத்தடியில் இரண்டு குட்டிகளைக் கண்டெடுத்த பக்கத்து வீட்டு அண்ணன், “புலிக்குட்டி!” என்று லயத்துக்கே கொண்டு வந்துவிட்டார். புள்ளிகளைத் தடவிப் பார்க்கப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டோம். விலை பேசவும் ஒருவர் வந்தார்.

பாட்டி மட்டும், “தாய் தேடிக்கிட்டு இருக்கும்டா தம்பி. எடுத்த எடத்துலயே விட்டுட்டு வா. தோட்டத்துல எலியப் புடிக்கிறது யாருன்னு நெனைக்கிற?” என்றார். அண்ணன் தயங்கினார், பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார். மறுநாள் காலை அந்த இடத்தில் குட்டிகள் இல்லை. தாய் கவ்விக்கொண்டு போயிருக்கும் என்றார் அப்பா.

பாட்டி சொன்னது உண்மை. செம்பனைப் பழங்களைக் கடித்துச் சேதப்படுத்தும் எலிகளே தோட்டங்களில் இப்பூனையின் முக்கிய உணவு. சம்பளம் வாங்காத காவலாளி என்றே இதைச் சொல்லலாம்.

ஆனால், உயிரைக் காக்கும் உரோமமே பல நாடுகளில் இவ்விலங்குகளின் உயிருக்கு வினையானது. கனடாவின் ஹட்சன் விரிகுடா நிறுவனம் நூறாண்டுக்கும் மேலாக லின்க்ஸ் தோல்களை வாங்கிக் கணக்கெழுதி வந்தது. சீனாவில் 1980களில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான சிறுத்தைப்பூனைகள் தோலுக்காகக் கொல்லப்பட்டன. ஒரு மேலங்கி தைக்க ஒரு தோல் போதாது; பல பூனைகள் சாகவேண்டும். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தம் 1975இல் நடப்புக்கு வந்தது. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சிறுத்தைப்பூனையை முழுமையாகப் பாதுகாக்கிறது. சிறப்பு அனுமதியின்றி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும்.

இன்று நம்மிடம் தோலுக்கான ஆசை குறைந்திருக்கலாம். அழகான குட்டியை வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆசை குறையவில்லை. கூண்டில் அடைபட்ட பூனைக்கு அந்தப் புள்ளிகளால் என்ன பயன்? மறைவதற்கு அங்கே நிழலும் இல்லை, பதுங்கிப் பிடிக்க இரையும் இல்லை. செம்பனை மரத்தடியில் புள்ளி போட்ட குட்டியைக் கண்டால் தொடாமல் விலகி நிற்போம். தாய் பக்கத்திலேயே காத்திருக்கக்கூடும். குட்டிக்குக் காயம் பட்டிருந்தால் வனவிலங்குத் துறைக்குத் தெரிவிப்போம். அந்த மேலாடை அதற்குரிய காட்டிலும் தோட்டத்திலும் இருக்கும்வரைதான் அதற்குப் பாதுகாப்பு.