அளவு ரவிக்கை

திருவண்ணாமலையில் திருவருகைக்காலம் நெருங்கும்போது கார்த்திகைத் தீபமும் நெருங்கிவிடும். மலையுச்சிக் கொப்பரையில் திரியாவதற்குக் காடாத் துணி சுமந்து செல்லப்படும் அந்நாள்களில், ஊரின் தையற்கடைகளிலும் துணி மலையாகக் குவிந்து கிடக்கும். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கான ரவிக்கைத் துணியோடு சென்ற ஆண்டு அத்தகைய கடையொன்றில் நாம் நின்றோம். துணியோடு, வழக்கம்போல, அளவு ரவிக்கையும் இருந்தது.

அளவு ரவிக்கை என்பது யாதென நம் சகோதரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. என்றோ ஒருநாள் உடலுக்குப் பாந்தமாக அமைந்துவிட்ட ஒன்றைப் பாதுகாத்து வைத்து, ஒவ்வொரு முறையும் தையற்காரரிடம் மாதிரியாகக் கொடுக்கிறோம். நம்முடையது 20 ஆண்டுகளுக்கு முந்தையது. நமக்கு இப்போது வயது 56. மாதவிடாய் நின்றபின் இடையும் புயங்களும் பருத்தன. எனினும் அளவு ரவிக்கையை மாற்ற மனம் வரவில்லை. மாற்றினால் எதையோ ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றொரு அச்சம்.

அந்த அச்சம் நம்மை எங்கே கொண்டு சென்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிப்பதை இரண்டு ஆண்டுகளாகத் தவிர்த்து வந்தோம். தொண்டை சரியில்லை என்று பங்குத்தந்தையிடம் கூறினோம். அது பொய். கையை உயர்த்தினால் அக்குளில் தையல் விடும். பிதுங்கும் முதுகை மறைக்க முந்தானையைப் போர்த்திக்கொண்டு மக்கள்முன் நிற்கக் கூச்சம். இறைவார்த்தையை அறிவிக்கும் பணியை ஒரு ரவிக்கைக்காகக் கைவிட்டிருந்தோம்.

தையற்கார முதியவர் அந்த ரவிக்கையை உள்புறமாகத் திருப்பிக் காட்டினார். பக்கவாட்டில் வரிசையாகப் பழைய ஊசித் துளைகள். ஆரம்பத்திலேயே உள்ளே நிறையத் துணி விட்டுத் தைத்திருக்கிறார். சிறு பழுது என்று நாம் கொடுத்தபோதெல்லாம், நம்மிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் ஒவ்வொரு தையலாகப் பிரித்து விட்டிருக்கிறார்.

"இனிமே பிரிக்க இடம் இல்லீங்க டீச்சர். இதை எடுத்துட்டு வராதீங்க. நீங்க வாங்க. வீட்டுக்காரம்மா உள்ள அளவெடுப்பாங்க" என்றார்.

திரைக்குப் பின்னால் அந்த அம்மையார் நாடாவால் அளந்து எண்களைச் சொல்லச் சொல்ல, நாம் தலைகுனிந்து நின்றோம். அவர் குரலிலோ வியப்பில்லை, ஏளனமில்லை. கடையில் அரிசி அளப்பவர் எண்ணிக்கை சொல்வதுபோல் இயல்பாகச் சொன்னார்.

உடையைப் பொருட்படுத்தாத துறவியரின் ஊர் இது. 1896 செப்டம்பர் முதல் நாள் இங்கு வந்துசேர்ந்த இளைஞர் வேங்கடராமன், பின்னாளில் இரமண மகரிசி, கட்டியிருந்த வேட்டியைக் கிழித்துக் கோவணம் மட்டும் கொண்டு எஞ்சியதை எறிந்துவிட்டார். பிரான்சிலிருந்து வந்த பெனடிக்டைன் துறவி ஆன்றி லெ சோ, அபிஷிக்தானந்தராகக் காவி அணிந்து, 1950-களில் இம்மலைக் குகைகளில் தங்கித் தியானித்தார். கோவணத்துக்கும் காவிக்கும் அளவெடுக்க வேண்டியதில்லை. சேலைக்கும் அப்படியே. ஐந்தரை மீட்டர்த் துணி மணப்பெண்ணுக்கும் பொருந்தும், பிள்ளைத்தாய்ச்சிக்கும் பொருந்தும், பாட்டிக்கும் பொருந்தும். தைத்த துணியில்தான் காலம் வந்து குடியேறுகிறது. அதனால்தான் பெட்டியிலுள்ள சேலைகள் நம்மைக் குறை சொல்வதில்லை, ரவிக்கைகள் சொல்கின்றன.

இல்லறத்தாராகிய நாம் உடையைத் துறக்கவும் முடியாது. அதற்கு அடிமையாகவும் கூடாது. ஆகவே சில பாடங்களைக் கற்றுக்கொண்டோம். கஞ்சி போட்ட முரட்டுப் பருத்தி உடலைப் பெரிதாக்கிக் காட்டும். துவளும் மென்பருத்தி உடலோடு இழைந்து நிற்கும். விழா நாளுக்குக் கனத்த காஞ்சிப் பட்டினும், நம் மாவட்டத்து ஆரணியில் நெய்யும் எடை குறைந்த பட்டு ஏற்றது. குள்ளமானவர்க்குக் குறுகிய கரையே எடுப்பு. முழங்கையளவு நீண்டு, புயத்தில் சற்றுத் தளர்ந்த கை, நம் வயதுக்கு அழகும் வசதியும் தரும்.

இறுக்கம் அழகுக் குறைவு மட்டுமன்று. உடையைப் பல்லாண்டுகள் இறுகக் கட்டியதால் இடுப்பில் ஆறாப் புண் உண்டாகி, அது தோல் புற்றுநோயாக மாறிய இரு மூதாட்டியரைப் பற்றி, மகாராஷ்டிர, பீகார் மருத்துவர்கள் 2024-இல் மருத்துவ இதழொன்றில் எழுதினர். நாடாவுக்குப் பதில் அகன்ற துணிப்பட்டை வைத்துத் தைத்து, தளர்த்திக் கட்டுவது நலம்.

ஆனால் பெரிய பாடத்தைக் கற்பித்தவர் நம் தாயார். அவருக்கு வயது 84. நாள்தோறும் காலையில் அவருக்கு உடை உடுத்துவது நம் கடமை. கைகளை நீட்டிக் கொடுப்பார். நாம் ரவிக்கையை மாட்டிவிடுவோம். பேதுருவிடம் ஆண்டவர் சொன்னது அப்போதெல்லாம் நினைவுக்கு வரும்: இளமையில் தானே இடையைக் கட்டிக்கொண்டு நடந்தவர், முதுமையில் கையை நீட்ட, வேறொருவர் கட்டிவிடுவார் என்பது. அது பேதுருவின் இறப்பைக் குறித்தது என்று நற்செய்தியாளர் யோவான் விளக்குகிறார். எனினும் ஒவ்வொரு முதியவர் வீட்டிலும் அது நாள்தோறும் நிறைவேறுகிறது.

நாம் பருத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அம்மா மெலிந்துகொண்டிருந்தார். தோளிலிருந்து ரவிக்கை வழுவியது. வருந்திய நம்மிடம், "இதுக்குப் போய் ஏண்டி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? நான் இப்ப இருக்கிற அளவுக்குப் புடிச்சுத் தை, போதும்" என்றார்.

இப்போது இருக்கிற அளவு! வெட்கமின்றி அதைச் சொல்லத் தாய்க்குத் தெரிந்திருந்தது, மகளுக்குத் தெரியவில்லை. நம் தலைமுடியெல்லாம் எண்ணிவைத்திருக்கும் தந்தைக்கு நம் இடையளவு தெரியாததா? 20 ஆண்டுகளுக்கு முந்தைய நம்மை அவர் தேடுவதில்லை. தையற்காரர் உள்ளே விட்டிருந்த துணிபோல், நாம் கேட்காமலே நமக்காக இடம் விட்டிருக்கிறார். நாம்தாம் பழைய அளவை ஏந்திக்கொண்டு அவர்முன் செல்கிறோம்.

புதிய ரவிக்கை திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறுக்கு முன்பே கிடைத்தது. பங்குத்தந்தையிடம் சென்று, தொண்டை எப்போதும் நன்றாகவே இருந்தது என்ற உண்மையைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு வாசக நூலைக் கையில் கொடுத்தார்.

அந்தப் பழைய அளவு ரவிக்கையைப் பிரித்தோம். அதன் துணி, அம்மாவின் ரவிக்கைகளுக்குக் கைப்பட்டி வைக்கப் பயன்பட்டது.